இடி பதிந்த பக்கம்

எனக்கு வானிலைப் பைத்தியம் என்று முதலில் சொன்னவள் என் மனைவி. கலியாணம் முடித்து மெல்பேர்ணுக்கு வந்த மூன்றாம் மாதமே சொல்லிவிட்டாள். மற்ற ஆண்கள் வேலையால் வந்ததும் தேத்தண்ணி கேட்பார்கள். நான் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் பின்வளவுக்குப் போய், உடுப்புக் காயப்போடும் கம்பத்தில் கட்டியிருந்த வெப்பமானியைப் பார்ப்பேன். பிறகு வேலியோரம் நட்டிருந்த மழைமானி. பிறகுதான் தேத்தண்ணி. எல்லாம் ஒரு கொப்பியில் ஏறவேண்டும். அன்று ஒரு துளி மழையும் இல்லையென்றால், இல்லை என்றும் எழுதவேண்டும்.

"இல்லாததை என்னத்துக்கு எழுதுறியள்?" என்று கேட்பாள்.

"இல்லை எண்டதும் ஒரு கணக்குத்தானே."

"ஓம், ஓம். நாளைக்குக் கறிக்கு உப்பில்லை எண்டாலும் கொப்பியிலை எழுதுங்கோ."

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் புட்ஸ்கிரேயில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் ஒரு கந்தோரில் வடிகால்களுக்குப் படம் வரைந்தேன். அவள் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் துடைத்து, கட்டில் விரித்து, சனி ஞாயிறும் மாறி மாறி வேலைக்குப் போனாள். யாழ்ப்பாணத்தில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. மற்ற மாதங்களில் எழுத என்ன இருக்கிறது? மெல்பேர்ணில் மத்தியானம் வெயில் மண்டையைப் பிளக்கும், பின்னேரம் ஸ்வெற்றரைத் தேடி ஓடவேண்டும். எனக்கு அது கொண்டாட்டமாக இருந்தது.

என்னைப் போல இன்னொரு விசரன் பக்கத்து வீட்டில் இருந்தான். பஸ் ஓட்டும் ஐரிஷ்காரன், என் வயதுதான். அவனுடைய ஊரில் இடிமுழக்கம் வருசத்தில் சில நாள்தானாம், ஸ்னோ அதைவிட அரிதாம். சின்ன வயதில் ஒருநாள் கடற்கரையில் இரண்டும் ஒன்றாக வந்ததைக் கண்டிருக்கிறான். ஸ்னோ கொட்டிக்கொண்டிருக்க, அதற்குள் மின்னல் வெட்டி இடி இடித்ததாம். நின்றவர்களின் முகமெல்லாம் ஊதா நிறமாகத் தெரிந்ததாம். இதை எனக்கு ஒரு பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான். ஒவ்வொரு தடவையும் நான் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பேன், ஏனென்றால் எனக்கும் அதைக் காணவேண்டும் என்று ஆசை.

அங்கே குளிர்காலமான யூலையில் ஒரு ஞாயிறு காலை அவன் எங்கள் கதவை உடைக்கிற மாதிரித் தட்டினான். மலையில் ஸ்னோவாம், கீழே வரைக்கும் இறங்கியிருக்கிறதாம், உடனே வெளிக்கிடு என்றான். மனைவி சேலைக்கு மேலே என் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். மலையில் நானும் அவனும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிக் கத்தினோம். அவள் மட்டும் குனிந்து ஒரு கை அள்ளி, கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அம்மாவுக்கு இதை என்னெண்டு சொல்லுறது?" என்றாள். "துருவின தேங்காய்ப்பூ எண்டு சொல்லுவம். அப்பத்தான் விளங்கும்."

அவளுக்கு எதைக் கண்டாலும் அம்மாவுக்குச் சொல்லவேண்டும். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று முழு வீடும் யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்கு வந்தது. அவளுடைய அம்மா, என் மாமி, மட்டும் வரவில்லை. "நீங்கள் முன்னுக்குப் போங்கோ, நான் சீலை மாத்திக்கொண்டு வாறன்" என்று சொல்லியனுப்பியவர் வரவேயில்லை. ரயில் வெளிக்கிடும்வரை என் மனைவி பெட்டி வாசலில் நின்று வழியைப் பார்த்தாள். வெளிக்கிட்ட பிறகும் நின்றாள். மாமாவுக்கும் காரணம் தெரியாது. கேட்டால், மாமி அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவாராம். மாமிக்கு எழுத்துத் தெரியாது. கடிதத்தில் வேறொருவர் கையால் சொல்லக்கூடிய விஷயமாகவும் அது இருக்கவில்லை. என் மனைவி மூன்று வருசமாக அதை நெஞ்சுக்குள் வைத்திருந்தாள். "அம்மாவுக்கு என்னிலை என்ன கோவம்?" என்று மாவைக் குழைத்துக்கொண்டு திடீரென்று கேட்பாள். 

எங்களுக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு கசற் போய்வந்தது. ஒரேயொரு கசற்தான். அங்கே அப்போது கசற் வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. நாங்களே ஊருக்குப் போன ஒருவரிடம் சின்ன ரேப் ரெக்கோடர் ஒன்றும் கசற் ஒன்றும் கொடுத்தனுப்பினோம். அதற்கு ஒரு முறையும் வைத்திருந்தோம். முதல் பக்கம் அவர்களுடையது, மற்றப் பக்கம் எங்களுடையது. அவர்கள் தங்கள் பக்கத்தில் கதைத்து அனுப்புவார்கள். நாங்கள் கேட்டுவிட்டு எங்கள் பக்கத்தில், பழையதின்மேலேயே, புதிதாகக் கதைத்து அனுப்புவோம். பழைய கதை அழிந்துவிடும். அதைப்பற்றி ஒருவரும் கவலைப்பட்டதில்லை.

மாமா வானொலி அறிவிப்பாளர் மாதிரித் தொண்டையைச் செருமிவிட்டுத் தொடங்குவார். அயலட்டைச் சனம் வந்து சுகம் விசாரிக்கும். மாமி மட்டும் மெசினுக்குக் கிட்ட வரமாட்டார். "அம்மா குசினிக்கை நிக்கிறா, கூப்பிட்டாலும் வாறா இல்லை" என்று மாமா சொல்லும்போது, பின்னால் அகப்பை சட்டியில் தட்டுவது கேட்கும். ஒரு இருமல் கேட்கும். என் மனைவி அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போடுவாள். தேங்காய்ப்பூக் கதை போன பிறகு வந்த கசற்றில் தூரத்தில் ஒரு சிரிப்பும் கேட்டது. அதை எத்தனை தரம் கேட்டாளென்று நான் எந்தக் கொப்பியிலும் எழுதவில்லை.

அந்தக் கோடையில் ஒரு கசற் வந்தது. வழக்கம்போல எங்கள் பக்கத்தை நாங்கள் போட்டுப் பார்க்கவில்லை. நாங்கள் கதைத்ததை நாங்களே கேட்டு என்ன செய்ய? அவர்களுடைய பக்கத்தை மட்டும் மூன்று நான்கு நாள் கேட்டுவிட்டு, பதில் கதைக்க நேரம் வரட்டும் என்று குசினி அலுமாரியில் வைத்திருந்தோம்.

அடுத்த சனிக்கிழமை வெப்பமானி நாற்பதைத் தொட்டது. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மூன்று மணிக்கு மேற்கே வானம் கருநாவல் நிறத்துக்கு வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஐரிஷ்காரன் சட்டையில்லாமல் நின்று கையை ஆட்டினான். "இது பெரிசு, இதைப் பதிந்து வை. இப்படி ஒன்று இனி எப்ப வருமோ" என்றான்.

எனக்கு மூளை குறுகுறுவென்றது. பதிவதற்குக் கசற் வேண்டும். அந்நாளில் சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு மெல்பேர்ணில் ஒரு கடையும் திறந்திருக்காது. வீட்டில் இரண்டே இரண்டு கசற். ஒன்று அவளுடைய தேவாரக் கசற். அதைத் தொட்டால் வீட்டுக்குள்ளேயே வேறு இடி விழும். மற்றது ஊர்க் கசற். அவர்கள் பக்கத்தைத் தொட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பக்கத்தில் இருப்பது எங்களுடைய பழைய கதை, அதை அவர்கள் கேட்டு முடித்தும்விட்டார்கள். இடியைப் பதிந்து அனுப்பினால் மாமாவுக்கும் புதினமாக இருக்கும் என்று நினைத்தேன். இப்படியெல்லாம் கவனமாக யோசித்தவன், ஒரு நிமிசம் அந்தப் பக்கத்தைப் போட்டுக் கேட்டுப் பார்க்கவில்லை. ஒரேயொரு நிமிசம். வானத்தை ஒவ்வொரு மணித்தியாலமும் பார்த்து எழுதத் தெரிந்த எனக்கு, அது தெரியாமல் போய்விட்டது.

ரெக்கோடரை யன்னல் விளிம்பில் வைத்து, மின்சாரத்தைக் கொழுவி, சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். என்ன இடி. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் செக்கன்களைச் சத்தமாக எண்ணினேன். "ஒண்டு, ரெண்டு, மூண்டு... அடி சக்கை!" என்று கத்தினேன். ஆலங்கட்டி தகரத்தில் கொட்டியபோது ஐரிஷ்காரனும் நானும் ஆளுக்கு ஆள் கூவினோம். பக்கம் முடியக் கொஞ்சம் இருக்கும்போது மின்சாரம் நின்றுவிட்டது. போதும் என்று கசற்றைக் கழற்றினேன். மழை இருபத்திரண்டு மில்லிமீற்றர் என்று கொப்பியில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன்.

அவள் நனைந்துகொண்டு வந்தாள். மின்சாரம் திரும்ப வந்ததும் முதல் ஐந்து நிமிசத்தை அவளுக்குப் போட்டுக் காட்டினேன்.

"எங்கட பக்கம் முழுக்க இடியோ? நான் எங்கை கதைக்கிறது?" என்று சிரித்தாள்.

"நீர் அடுத்தமுறை கதையும். இந்த முறை இடி கதைக்கட்டும்."

"அம்மா கேட்டால் பயந்து யன்னலெல்லாம் சாத்துவா" என்றாள். அவ்வளவுதான். அவளும் ஒன்றும் நினைக்கவில்லை.

ஐந்து நாள் கழித்து, வியாழக்கிழமை, நான் வேலையால் வந்தபோது குசினிக்குள் இடி இடித்துக்கொண்டிருந்தது. வெளியில் நல்ல வெயில். எனக்கு உள்ளூரப் பெருமை. "எப்பிடி? தனிய இருந்து கேக்க இன்னும் நல்லாயிருக்கு, என்ன?" என்று கேட்டுக்கொண்டே போனேன். அவள் கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். ஆஸ்பத்திரி உடுப்பைக்கூட மாற்றவில்லை. மேசையில் இருந்த நீலக் கடிதத்தை என் பக்கம் தள்ளினாள்.

மாமாவின் கையெழுத்து. சுக விசாரிப்புகளுக்குப் பிறகு எழுதியிருந்தார்: "உன் அம்மா ஒரு காரியம் செய்திருக்கிறா. நாங்கள் எல்லோரும் கோயிலுக்குப் போன நேரம், தனியே இருந்து கசற்றில் உன்னோடு கதைத்திருக்கிறா. தபாலில் போட்ட பிறகுதான் எங்களுக்கே சொன்னா. எங்கள் பக்கத்தில் கதைக்கவில்லையாம், உன் பக்கத்தில்தான் கதைத்தாவாம். ஏன் அங்கே கதைத்தாய் என்று கேட்டேன். அந்தப் பக்கத்தில்தானே பிள்ளையின் குரல் வருகிறது, அங்கே கதைத்தால்தானே அவளுக்குக் கேட்கும் என்கிறா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேட்டாயா என்று அறிய ஆவலாக இருக்கிறா. நாளுக்கு இரண்டு தரம் என்னைக் கேட்கிறா."

நான் கடிதத்தை முடிக்கவும் கசற்றில் என் குரல் கேட்கவும் சரியாக இருந்தது. "அடி சக்கை!" என்று கத்திக்கொண்டிருந்தேன். கையை நீட்டி நிறுத்தப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள். ஆலங்கட்டி கொட்டியது, நாங்கள் இருவரும் கூவினோம், பிறகு ஒரு சொடுக்கு. மின்சாரம் நின்ற இடம். அதற்குப் பிறகு, நான் அழிக்காமல் விட்ட மிச்சத்தில், மாமியின் குரல் கேட்டது. மெசினுக்கு மிகக் கிட்ட வாயை வைத்துக் கதைத்திருக்கிறார், மூச்சும் கேட்டது.

"...அதாலைதான் பிள்ளை நான் ஸ்ரேசனுக்கு வரேல்லை. வேறை ஒண்டும் இல்லை. நீ ஒண்டும் நினையாதை. சரி, உலை கொதிக்குது. வைக்கட்டே."

பிறகு பொத்தானைத் தேடும் சத்தம். நாடா முடிந்து தானாக நின்றது.

"எதாலை?" என்று கேட்டாள் என் மனைவி. என்னைக் கேட்கவில்லை. மெசினைப் பார்த்துத்தான் கேட்டாள். "எதாலையம்மா வரேல்லை?"

அவள் என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெசினைத் தூக்கி எறிந்திருந்தாலும் நான் துண்டுகளைப் பொறுக்கியிருப்பேன். ஒன்றும் செய்யவில்லை. எழுந்து, முகம் கழுவி, சோறு வைத்தாள்.  நான் குசினி வாசலில் நின்று, "தந்தி அடிப்பம். திரும்பக் கதைக்கச் சொல்லி உடனை தந்தி அடிப்பம்" என்றேன்.

"தந்திக்காரன் படலையைத் திறந்தால் அம்மா நான் செத்துப்போனன் எண்டு நினைப்பா. வாசிக்க முந்தியே விழுந்திடுவா" என்றாள். "கடிதம் எழுதுறன்."

அன்றே எழுதினாள். ஒட்டுமுன் என்னிடம் வாசிக்கத் தந்தாள். "அம்மா கதைச்சது ஒருக்காக் கேட்டது காணாது. இன்னொருக்கா அதையே முதலிலை இருந்து கதைக்கச் சொல்லுங்கோ" என்று எழுதியிருந்தாள். இடியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"நான்தான் அழிச்சது எண்டு ஏன் எழுதேல்லை?"

"உங்களை அவையள் என்னெண்டு நினைப்பினம்?" என்றாள்.

புதுக் கசற் ஒன்று வாங்கி, கடிதத்தோடு வைத்து, அடுத்த நாள் நானே நகரத்துப் பெரிய தபால்கந்தோருக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். அன்றிலிருந்து அவள் நாள் எண்ணினாள். போக இத்தனை நாள், மாமி கதைக்க இத்தனை நாள், வர இத்தனை நாள். நான் மழைமானியைப் பார்க்கவில்லை. தபால்பெட்டியைத்தான் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் அங்கிருந்து எங்களுக்குத் தந்தி வந்தது. மாமி காலையில் குசினிக்குள் விழுந்தவர் எழும்பவில்லை. தந்தியைக் கையெழுத்து வைத்து வாங்கியவன் நான். அதை எடுத்துக்கொண்டு முன்வாசலில் இருந்து குசினி மட்டும் நடந்த தூரத்தை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். நிலத்தில் அப்படியே இருந்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள். பக்கத்து வீட்டுக்காரன் ஓடிவந்து வேலியடியில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பிப் போனான்.

போய்ச் சேர எங்களிடம் வசதி இல்லை. பிறகு மாமாவின் கடிதம் வந்தது. எங்கள் கடிதமும் புதுக் கசற்றும் எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவன்றுதான் போய்ச் சேர்ந்தனவாம். மாமி அதைக் காணவில்லை. கடைசியில் எழுதியிருந்தார்: "அவ உனக்குச் சொன்னது என்ன என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது. உன்னிடம் மட்டும்தான் அவவின் குரல் இருக்கிறது. எங்களுக்கும் ஒரு பிரதி எடுத்து அனுப்பு. எனக்கு ஒருக்காக் கேட்கவேண்டும்."

அந்தக் கடிதத்தை அவள் இரண்டு நாள் வைத்திருந்தாள். பிறகு பதில் எழுதினாள். கசற் நாடா சிக்கி அறுந்துவிட்டதென்றும், அம்மா எல்லோரையும் சுகமாக இருக்கச் சொன்னாவென்றும், ஸ்ரேசனுக்கு வராததற்குக் காரணம் சொன்னாவென்றும், அது தாய்க்கும் மகளுக்கும் உள்ள கதை என்றும் எழுதினாள். எனக்காக அவள் சொன்ன பொய் அது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பேனையைப் பிடுங்கி உண்மையை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தக் கோழைத்தனத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கொப்பியில் அந்த இருபத்திரண்டு மில்லிமீற்றர்தான் கடைசி. மழைமானிக்குள் இலை விழுந்து மக்கியது. அடுத்த குளிருக்கு ஐரிஷ்காரன் வந்து கதவைத் தட்டினான். மலையில் ஸ்னோவாம், மேகத்தைப் பார்த்தால் இடியும் சேர்ந்து வரும்போல இருக்கிறதாம். அவன் முகத்தில் அந்தப் பழைய கடற்கரை தெரிந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். அவன் கார் வளைவில் திரும்பும்வரை யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவன் கூப்பிடவில்லை.

மாமி போய் ஒரு வருசமாகி, ஆட்டத்திவசம் ஒரு சனிக்கிழமை வந்தது. அவள் விடிய முழுகி, மரக்கறி சமைத்து, படைத்தாள். நான் விரதம் இருந்தேன். சாப்பிட்டு முடிந்த பின்னேரம் அலுமாரியைத் திறந்து அந்தக் கசற்றை எடுத்தாள். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு ஒருநாளும் அதை அவள் எடுத்ததை நான் காணவில்லை. எங்கள் பக்கத்தை மேலே வைத்து மெசினில் போட்டுவிட்டு, கதிரையை இழுத்து இருந்தாள்.

முதல் இடி உருண்டது. அரை மணித்தியாலம் அந்த இடியையும் என் கூச்சலையும் அவள் கேட்கவேண்டுமா? எனக்குத் தாங்கவில்லை. மெசினடிக்குப் போய், "நான் கடைசிக்குச் சுத்தி விடுறன். அம்மான்ர குரல் வாற இடம் எனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. காதை மெசினுக்குக் கிட்ட வைத்திருந்தாள்.

"சுத்தாதையுங்கோ" என்றாள். "அம்மா கதைச்சுக்கொண்டிருக்கிறா."

நான் கையை எடுத்துக்கொண்டு மற்றக் கதிரையில் இருந்தேன். கசற்றில் ஒரு சந்தோசமான மனிதன் ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று எண்ணத் தொடங்கினான்.